பஞ்ச நிவாரணமும் உள்ளூர்த் தானியக் கொள்முதலும்

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

மழை பொய்த்தாலும், புயல் அடித்தாலும், யுத்தம் மூண்டாலும், முதலில் அணைவது ஏழையின் அடுப்பேயாகும். அவ்வேளையில் பசித்தவனுக்கு அன்னமளிப்பது புண்ணியம் என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்திற்கு இடமில்லை. ஆனால் அந்த அன்னத்திற்கான தானியத்தை எங்கிருந்து வாங்குவது, அதை யார் கையால் வழங்குவது என்னும் இரண்டு கேள்விகளைப் பற்றி நம்மில் பலர் சிந்திப்பதில்லை. இவ்விரண்டும் தர்மசிந்தையுள்ள பட்டணவாசிகளின் விஷயமென்றும், நிலமுடைய குடியானவருக்கு இதில் சம்பந்தமில்லையென்றும் எண்ணுவது தவறு. நிவாரணத் தானியம் எங்கோ விளைந்து கப்பலேறி வருமாயின், பக்கத்துக் கிராமத்தில் விளைந்த தானியத்திற்கு விலையில்லாமற் போகும். பக்கத்துக் கிராமத்திலேயே வாங்கப்படுமாயின், அதே பணம் குடியானவன் கைக்கு வந்து அடுத்த போகத்திற்கு விதையாகவும் எருவாகவும் மாறும். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நமது கடமையாகும்.

கப்பலில் வந்த தானியம்

1954-ம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி அமெரிக்காவில் பொதுச் சட்டம் 480 நிறைவேறியது. அத்தேசத்துக் குடியானவர்கள் விளைவித்து, விற்க வழியின்றிக் களஞ்சியங்களில் குவிந்து கிடந்த கோதுமை முதலியவற்றை மற்றத் தேசங்களுக்குச் சலுகை விலையிலும் தானமாகவும் அனுப்புவதற்கு அச்சட்டம் வழி செய்தது. நம் தேசமும் 1956 முதல் அதன்கீழ்க் கோதுமை பெற்றது. 1965-லும் 1966-லும் பருவமழை தவறியபோது, கப்பல் வருவது தாமதமாயின் பட்டணங்களில் ரேஷன் கொடுப்பதே கஷ்டம் என்னும் நிலையும் நேர்ந்தது. அக்காலத்தில்தான் 1965-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி இந்திய உணவுக் கழகம் ஏற்பட்டது. அதன் முதல் ஜில்லா அலுவலகம் நமது தஞ்சாவூரிலேயே திறக்கப்பட்டது. வெளியிலிருந்து வருவதை எதிர்பார்ப்பதைவிட உள்ளூரில் விளைவதைக் கொள்முதல் செய்வதே உறுதியான வழி என்பதை நம் தேசம் பட்டறிந்து கற்றுக்கொண்டது எனலாம்.

கப்பலில் வரும் தானம் பல உயிர்களைக் காத்தது என்பதை மறுக்கவொண்ணாது. விளைவே இல்லாத இடத்திற்கு வெளியிலிருந்துதான் தானியம் வரவேண்டும். ஆயினும் அதில் இரண்டு பெருங் குறைகள் உண்டு. ஒன்று தாமதம், மற்றொன்று செலவு. அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2009-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆப்பிரிக்காவின் 10 தேசங்களுக்கு அமெரிக்காவிலிருந்து தானியம் சென்று சேரச் சராசரி 147 நாட்கள் பிடித்தன என்றும், அவ்விடத்திலேயே வாங்கினால் 35 நாட்களும், அண்டைத் தேசத்தில் வாங்கினால் 41 நாட்களுமே ஆயின என்றும் கணக்கிட்டிருக்கிறது. 147 நாட்கள் என்பது ஏறத்தாழ ஐந்து மாதம். ஒரு குறுவை நெல் நாற்றங்காலிலிருந்து களத்திற்கு வருவதற்கு ஆகும் காலத்தைவிட அதிகம். பசித்த குழந்தை ஐந்து மாதம் காத்திராது. செலவு விஷயத்திலும், சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் உள்ளூர்க் கொள்முதல் நூற்றுக்கு 34 வீதமும், ஆசியாவில் நூற்றுக்கு 29 வீதமும் குறைவாக இருந்ததென்று அவ்வறிக்கை கூறுகிறது. லத்தீன் அமெரிக்காவில் மாத்திரம் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

தேங்கிய விளைவும் தேடிய பசியும்

தானியம் தேசத்துக்குள் இருந்தும் பஞ்சம் நேரக்கூடும் என்பதற்கு எதியோப்பியா தேசத்தின் வரலாறு நல்ல திருஷ்டாந்தம். அங்கே 2000-ம் வருஷத்திலும் 2001-ம் வருஷத்திலும் மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. வாங்குவார் இல்லை, வைத்திருக்கக் கிடங்கில்லை. விலை படுவீழ்ச்சியடைந்து, அறுப்புக் கூலிக்கும் கட்டாதென்று கதிர்களை வயலிலேயே விட்டுவிட்ட குடியானவர்களும் இருந்தனர். கைப்பொருள் இழந்தவர்கள் அடுத்த பருவத்தில் எருவுக்கும் நல்விதைக்கும் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டனர். 2002-ல் மழை பொய்த்தது. 2003-ல் 1 கோடியே 30 லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் வெளியுதவியை நாடி நிற்க நேர்ந்தது. மழையின்மை மட்டுமே இத்துன்பத்திற்குக் காரணமன்று. விளைந்த காலத்தில் வாங்கி வைப்பார் இல்லாமையும் காரணமாகும்.

ஹெய்த்தி தேசத்தின் கதை வேறு வகை. அங்கே ஆர்த்திபோனித் நதிப் பள்ளத்தாக்கில் நெல் விளைவிப்போர் பலர். 1990-களின் நடுவில் வெளிநாட்டு அரிசியின்மேல் இருந்த சுங்கவரி நூற்றுக்கு 3 ஆகக் குறைக்கப்பட்டது. மலிவான அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் நெல்லுக்கு மதிப்பிழந்தது. 2010-ம் வருஷம் ஜனவரி மாதத்துப் பூகம்பத்திற்குப்பின், முன்னாள் ஜனாதிபதி பில் கிளிண்டன் அமெரிக்கச் செனட் கமிட்டியின் முன்னிலையில், அக்கொள்கை தமது நாட்டுக் குடியானவர் சிலருக்கு நன்மையாயிருந்திருக்கலாமென்றும், ஹெய்த்தியின் விளைவுத் திறன் அழிந்ததற்குத் தாமும் பொறுப்பென்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதிகாரத்திலிருந்த ஒருவர் இவ்விதம் ஒப்புக்கொள்வது அபூர்வம்.

கொள்முதலையே உதவியாக்கிய முயற்சி

இக்குறைகளைக் கண்டபின் உதவியளிக்கும் தேசங்கள் தம் முறையை மாற்றலாயின. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1996 முதல் இத்திசையில் திரும்பியது. கனடா 2008-ல், தன் நாட்டுத் தானியத்தையே வாங்க வேண்டுமென்ற நிபந்தனையை முற்றும் நீக்கியது. அமெரிக்காவும் அதே வருஷத்து விவசாயச் சட்டத்தில் உள்ளூர்க் கொள்முதல் பரீட்சைக்கென்று 6 கோடி டாலர் ஒதுக்கியது. அப்பரீட்சையைக் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த நிபுணர்கள் ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டனர். தானியத்தில் பாதிக்கு மேலும், பயறு வகைகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும் செலவு மிச்சமாயிற்று. காலத்தில் சுமார் 14 வாரம் மிச்சமாயிற்று. ஆனால் எண்ணெய் போன்ற பக்குவப்படுத்திய பொருள்களில் அவ்வளவு லாபம் இல்லை. எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்பதைக் கணக்குப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் 2008 செப்டம்பரில் "பர்சேஸ் பார் புராக்ரஸ்", அதாவது முன்னேற்றத்திற்கான கொள்முதல், என்ற ஏற்பாட்டை 20 தேசங்களில் தொடங்கி 2013 வரை நடத்தியது. ஆப்பிரிக்காவில் உகாண்டா, தான்சானியா, எதியோப்பியா, மாலி முதலியனவும், மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா, எல் சால்வடோர் முதலியனவும் அவற்றுள் அடங்கும். பெரிய வியாபாரிகளிடம் ஆயிரக்கணக்கான டன் டெண்டர் மூலம் வாங்குவதோடு நில்லாமல், சிறு குடியானவர்களின் சங்கங்களிடமிருந்தும் நேரில் வாங்குவதே அதன் நோக்கம். ஐந்து வருஷங்களில் 3,66,000 டன்னுக்கு மேற்பட்ட தானியத்திற்கு ஒப்பந்தமாயிற்று. அதன் மதிப்பு ஏறத்தாழ 14 கோடியே 80 லட்சம் டாலர்.

இதில் கிடைத்த பாடங்கள் நமது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் மிகவும் பயன்படுவன. முதலாவது, பணம் தாமதமாயிற்று. தானியத்தை அளந்து, சோதித்து, தஸ்தாவேஜுகள் முடிந்து பணம் வருவதற்குள் பள்ளிச் சம்பளமும் கடன் தவணையும் வந்துவிட்டன. அதனால் சங்கத்திற்குத் தருவதாக வாக்களித்தவர்களில் சிலர் வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரியிடம் ரொக்கத்திற்கு விற்றுவிட்டனர். சந்தை விலை ஒப்பந்த விலைக்கு மேல் ஏறியபோதும் இவ்வாறே நடந்தது. இரண்டாவது, தரம் குறைந்த தானியம் திருப்பப்பட்டது. தூற்றவும் உலர்த்தவும் சோதிக்கவும் சாதனங்கள் இல்லாத சங்கங்கள் பின்தங்கின. மூன்றாவது, சங்கங்களின் திறமை வளர்ந்தது நிச்சயமெனினும், ஒவ்வொரு குடியானவரின் வருமானமும் உயர்ந்ததென்று உறுதியாகச் சொல்லத்தக்க சான்று முடிவு ஆராய்ச்சியில் கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் மறைக்காமல் அந்த ஸ்தாபனமே வெளியிட்டிருப்பது பாராட்டத்தக்கது. இவ்வனுபவத்தின்பேரில் 2019 நவம்பரில் உள்ளூர்க் கொள்முதலுக்கென்று தனிக் கொள்கையொன்றையும் அது ஏற்றுக்கொண்டது.

ஈரத் தானியம் எமனாகும்

உள்ளூர்த் தானியம் என்ற ஒரே காரணத்தால் அது நல்ல தானியமாகிவிடாது. 2004-ம் வருஷம் கென்யா தேசத்தின் கீழ்ப்பகுதியில், ஈரம் உலராமல் வீட்டில் சேமித்த மக்காச்சோளத்தில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷம் ஊறியது. அதை உண்டவர்களில் 317 பேர் நோயுற்றனர். 125 பேர் மாண்டனர். அந்தத் தானியம் அந்நியர் யாரும் அனுப்பியதன்று. அவரவர் வயலில் விளைந்து, அவரவர் வீட்டில் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்க நியதிப்படி மக்காச்சோளத்தில் ஈரம் நூற்றுக்கு 13.5-க்கு மேலிருக்கலாகாது, இவ்விஷம் 100 கோடிப் பங்கில் 10 பங்குக்கு மேலிருக்கலாகாது. இவ்வளவு நுட்பமான அளவு ஏன் என்று கேட்போருக்கு அந்த 125 உயிர்களே விடை.

தூரத்திலிருந்து வருவது மாத்திரம் பத்திரமானதென்றும் நினைக்க வேண்டாம். 2019-ல் உகாண்டாவின் கரமோஜாப் பிரதேசத்தில் வழங்கப்பட்ட, வெளிநாட்டில் தயாரான சத்துமாவை உண்டு ஏறத்தாழ 300 பேர் நோயுற்று, ஐவர் இறந்தனர். சோயாவோடு கலந்துவிட்ட ஊமத்தை இனக் களையின் விஷச்சத்தே காரணமென்று பின்னர்த் தெரிந்தது. வயலில் ஒரு களையை விட்டுவைத்த அஜாக்கிரதை, கடல் கடந்து ஒரு தாயின் மடியைக் காலியாக்கியது. களையெடுப்பதும் தூற்றுவதும் லாப நஷ்டக் கணக்கு மட்டுமல்ல என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

நான் கண்ட ஒரு சம்பவம்

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறியபோது, கடற்கரையை அடுத்த ஒரு கிராமத்தில் நான் சில நாட்கள் தங்கி வேலை செய்ய நேர்ந்தது. தொலைவிலுள்ள ஒரு நகரத்து அன்பர்கள் ஒரு லாரி நிறைய அரிசி அனுப்பினர். அது வந்து சேர ஆறு நாட்கள் ஆயின. வந்தது பச்சரிசி, அவ்வூரார் உண்பது புழுங்கலரிசி. அவர்கள் கைகூப்பி வாங்கிக்கொண்டனர், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மைல் தூரத்தில் அடுத்த கிராமத்துக் குடியானவர்கள் ஏழெட்டுப் பேரிடம் குறுவை நெல் பத்தாயத்தில் இருந்தது. சாலைகளில் மரம் விழுந்து கிடந்ததால் வியாபாரிகள் வரவில்லை, நெல்லுக்குக் கேட்பாரில்லை.

அவ்வூர் மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியான முதிய அம்மாள் ஒருவரே இதை நகரத்து அன்பர்களிடம் எடுத்துச் சொன்னார். "ஐயா, அரிசியை ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வருகிறீர்கள்? அந்தப் பணத்தை இங்கே கொடுங்கள். நெல் பக்கத்திலே இருக்கிறது, அவிப்பதற்கு நாங்கள் இருக்கிறோம்" என்றார். அவர்களும் ஒப்புக்கொண்டனர். நெல்லைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஈரமானியை வைத்துப் பார்த்தபோது, ஏழு பேரின் நெல்லில் மூவருடையது மாத்திரமே உலர்ந்திருந்தது. மற்றவர்களுடையது நூற்றுக்கு 20-க்கு மேல் ஈரமாயிருந்தது. ஒருவருடைய பத்தாயத்தில் கை விட்டால் சூடாகவே இருந்தது. அவர் எனக்கு நெடுநாளைய சிநேகிதர். "அண்ணே, இதை நிவாரணத்துக்கு எடுக்க முடியாது" என்று நான் சொல்லியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறுப்புச் சமயத்தில் இரண்டு நாள் வெயிலில் காயவைக்கும்படி நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். அவ்வருஷம் அக்கிராமத்திற்கு நான் அறுப்புக்குப்பின் போகவேயில்லை. குறை அவருடையது மட்டுமன்று.

உள்ளூர் ஸ்தாபனங்களின் பலம்

அந்த அம்மாளைப் போன்றவர்கள் ஒவ்வொரு தேசத்திலும் உண்டு. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்தப் பாதை நடக்கத்தக்கது, எது அவ்வூர் ஆகாரம் என்பது அவர்களுக்கே தெரியும். 2016 மே மாதம் இஸ்தான்புல் நகரில் கூடிய மகாநாட்டில், உதவியளிக்கும் தேசங்களும் பெரிய ஸ்தாபனங்களும், நிவாரணப் பணத்தில் நாலில் ஒரு பங்கை 2020-க்குள் கூடியவரை நேராக உள்ளூர் ஸ்தாபனங்களுக்குச் சேர்ப்பதென்று வாக்களித்தன. அவ்வாக்கு நிறைவேறவில்லை என்பது வருந்தத்தக்கது. சிறு சங்கங்களிடம் கணக்கு சரியாயிராது என்பது அவர்கள் கூறிய ஆக்ஷேபணைகளுள் முக்கியமானது. அதைப் பொய்ப்பிப்பது நம் போன்றோர் கையில்தான் இருக்கிறது.

சூடான் தேசத்தில் 2023 ஏப்ரல் 15-ந் தேதி யுத்தம் மூண்டு, பெரிய ஸ்தாபனங்களின் உத்தியோகஸ்தர்கள் பலர் வெளியேறியபோது, அந்தந்தப் பேட்டை வாலிபர்களும் மாதர்களும் அவசர உதவிக் குழுக்களாகக் கூடிப் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினர். அண்டையிலுள்ள சந்தைகளில் கிடைத்த சோளத்தையும் பயறுகளையும் வாங்கிச் சமைத்தனர். அறுவடைக்கும் வீடு கட்டவும் ஊரார் ஒன்றுகூடி உழைக்கும் "நஃபீர்" என்ற பழைய வழக்கமே அதற்கு வேர். இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான் என்னும் நம் வழக்கம் போன்றது அது. 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென்று நிறுத்தப்பட்டபோது அச்சமையற்கூடங்களில் பல மூடப்பட்டன. உள்ளூர்க் கைகளுக்குத் திறமை உண்டு. ஆனால் பொருளுதவி ஒரே இடத்தை நம்பியிருந்தால் ஆபத்து என்பதையும் இதனால் அறிகிறோம்.

எச்சரிக்கை ஒன்று

உள்ளூரில் வாங்குவது எப்போதும் நன்மையென்று கண்மூடிச் சொல்வதற்கில்லை. விளைவு குறைந்த இடத்தில் நிவாரணத்திற்கென்று ஒருவர் மொத்தமாக வாங்கினால், விலை ஏறி, வாங்கி உண்ணும் கூலியாட்களைப் பாதிக்கும். ஆகையால் உபரி உள்ள இடத்தில், உபரி உள்ள மாதத்தில், சந்தை தாங்கும் அளவே வாங்க வேண்டும். அதற்குச் சரியான விலை நிலவரமும் இருப்புக் கணக்கும் அவசியம். அக்கணக்கைத் தரக்கூடியவர்கள் கிராம அதிகாரிகளே.

குடியானவர்களுக்குச் சில யோசனைகள்

1. நெல்லையும் மக்காச்சோளத்தையும் வெறுந்தரையில் கொட்டாமல் களத்திலோ தார்ப்பாயிலோ இரண்டு விரற்கடை கனத்திற்குப் பரப்பி, அரை மணிக்கொருமுறை கிளறிக் காயவைக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு விதிக்கப்பட்ட ஈரம் நூற்றுக்கு 17. சில பருவங்களில் அது தளர்த்தப்படுவதுண்டு. ஆனால் பத்தாயத்தில் மாதக்கணக்காக வைக்க அது போதாது. 13 அல்லது 14-க்குக் குறைக்க வேண்டும்.

2. ஈரமானி இல்லாதவர்கள் மக்காச்சோளத்திற்கு உப்புச் சோதனை செய்யலாம். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த பொடியுப்பும், மூன்றில் ஒரு பங்கு தானியமும் இட்டு மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல் என்றறியலாம்.

3. பதரையும் களைவிதையையும் தூற்றி நீக்க வேண்டும். ஊமத்தை முதலிய விஷச்செடிகளைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும்.

4. காற்றுப் புகாத, உட்புறம் இரண்டு பிளாஸ்டிக் உறைகள் கொண்ட சாக்குகளில் நன்கு உலர்ந்த தானியத்தை வைத்தால் மருந்தில்லாமலே வண்டுகள் மடியும். ஈரத் தானியத்தை அதில் கட்டினால் அழுகிவிடும்.

5. சங்கத்தோடு விற்பதாக ஒப்பியபின் வாசலில் வந்த விலைக்கு மயங்கலாகாது. சங்கமும் தானியத்தை ஏற்ற அன்றே ஒரு பகுதியேனும் முன்பணம் கொடுக்க வழி தேட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் தங்கள் கிராமத்தில் உத்தேசமாக எவ்வளவு தானியம் யாரிடம் விற்பனைக்கு இருக்கிறது, அருகில் எந்த அரைவை ஆலை இருக்கிறது, எந்த மகளிர் குழுவும் எந்தச் சங்கமும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கின்றன என்று ஒரு பட்டி தயாரித்து வைத்துக்கொள்ளல் நலம். இடுக்கண் வந்தபின் தேடுவதைக் காட்டிலும் முன்னரே எழுதி வைத்த ஒரு தாள் ஆயிரம் பேருக்கு அன்னமாகும். உதவி செய்ய வெளியூரார் வந்தால், அப்பட்டியை அவர்கள் கையில் கொடுத்து, உபரியுள்ள இடத்திலேயே வாங்கும்படி தூண்ட வேண்டும்.

மேற்சொன்ன சிநேகிதர் அடுத்த வருஷம் தம் களத்திற்குச் சிமெண்டுத் தளம் போட்டு, தார்ப்பாயும் வாங்கினார். குறுவை அறுப்பின்போது எனக்கு ஆளனுப்பி, "ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். ஈரம் 13. அவ்வருஷம் புயல் வரவில்லை. நிவாரணத்திற்கு யாரும் கேட்கவில்லை. அவர் அதை நல்ல விலைக்கே விற்றார். ஆபத்துக் காலத்திற்கென்று பக்குவப்படுத்திய தானியம் நல்ல காலத்திலும் நஷ்டம் தருவதில்லை என்பதைக் குடியானவ அன்பர்கள் மனத்தில் இருத்தி, வரும் அறுவடையிலேயே இம்முறைகளை அனுசரிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.